உழைக்கிற உடம்புக்கு ஒன்றும் வராது

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் எங்கள் ஊர் நெல் கொள்முதல் களத்தில் இரவு பத்து மணிக்கும் விளக்கு எரியும். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், பாமணியாற்றை ஒட்டிய சிறிய ஊர் எங்களுடையது. தூற்றிய நெல்லை 40 கிலோ எடை பிடித்துச் சாக்கில் போட்டு, சணல் கோத்த ஊசியால் வாயைத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அட்டி போட்டு வைத்து, லாரி வந்தவுடன் அந்த அட்டியைப் பிரித்து ஏற்றி அனுப்புவது வரைக்கும் ஒவ்வொரு மூட்டையும் இரண்டு மூன்று முறையாவது யாரோ ஒருவருடைய முதுகின் மேல் ஏறி இறங்குகிறது. என் சித்தப்பா அந்த முதுகுகளில் ஒன்றாக 27 ஆண்டுகள் இருந்தார். அறுவடை இல்லாத மாதங்களில் உரக்கடைக்கும் சிமெண்டுக் கடைக்கும் லோடு இறக்கப் போவார். நான் பக்கத்து ஊரில் ஒரு தனியார் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். அவர் சுமந்த மூட்டைகளை எண்ணி எழுதுவதுதான் எனக்கு வாய்த்த வேலை என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அவர் மூட்டை ஏற்றுவதைச் சிறுவனாக இருந்தபோது மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இருவர் மூட்டையின் இரு காதுகளைப் பிடித்து எழுப்புவார்கள். சித்தப்பா முதுகைக் கொடுத்துக் குனிந்து, கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, பிடரியில் மடித்துப் போட்ட துண்டு சரியாக இருக்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வார். மூட்டை இறங்கும் கணத்தில் "ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். வாய் மூடியிருக்கும், மூச்சு உள்ளேயே நிற்கும். கால் கட்டைவிரல் பலகையைக் கவ்வ, சரிந்த பலகையில் ஆறேழு எட்டு வைத்து ஏறி, லாரிக்குள் மூட்டையைச் சரித்துவிட்ட பிறகுதான் அந்த மூச்சு "ஃபூ" என்று வெளியே வரும். இறங்கி வரும்போது கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். அது அடங்குவதற்குள் அடுத்த மூட்டையின் காதுகளைப் பிடித்துக்கொண்டு அந்த இருவரும் காத்திருப்பார்கள். ஒரு நல்ல நாளில் அவர் பங்குக்கு 200 மூட்டை வரும். 200 மூட்டை என்றால் 8,000 கிலோ, எட்டு டன்.

அந்த உடம்பைப் பார்த்துத்தான் ஊரே சொல்லும்: "உழைக்கிற உடம்புக்கு ஒண்ணும் வராது." என் அப்பாயி சொன்னது, டீக்கடையில் சொன்னது, கடைசியில் ஒரு மருத்துவரும் சொன்னது அதுதான். எனக்குச் சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று தெரிந்து, 38 வயதில் காலை நடைப்பயிற்சி தொடங்கியபோது, சித்தப்பா என் காலில் கிடந்த ஷூவைப் பார்த்துவிட்டு, "சும்மா நடக்குறதுக்கு ஒரு செருப்பாடா தம்பி? களத்துக்கு வா, காசும் குடுத்து ஒடம்பையும் எறக்கி அனுப்புறேன்" என்றார். நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் தப்பு இருக்கிறதாக எனக்கு அன்று தோன்றவே இல்லை.

2019-ஆம் ஆண்டு மாசி மாதத்தில், அவருக்கு 51 வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் மதியம் மூன்றாவது லாரி ஏற்றி முடிக்கும் நேரத்தில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் வலி எடுத்திருக்கிறது. மூட்டை சுமக்கிறவருக்குத் தோளும் முதுகும் வலிப்பது செய்தியே கிடையாது என்பதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு தாடை வரைக்கும் இழுத்துப் பிடித்திருக்கிறது. சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்து நான்காவது லாரிக்கும் போயிருக்கிறார். சாயங்காலம் சித்தி வற்புறுத்தியதால் பக்கத்து ஊர் தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போனார்கள். அந்த மருத்துவர் நாடி பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், புஜத்தைப் பார்த்து, "நல்லா ஒழைக்கிற ஒடம்பு, இதுக்கெல்லாம் ஹார்ட்டுல ஒண்ணும் வராது, வாயுதான்" என்று சொல்லி ஒரு ஊசியும் வலிக்கு இரண்டு மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார். இசிஜி எடுக்கவில்லை. இரவு மூன்று மணிக்குச் சட்டையைப் பிழிகிற அளவுக்கு வியர்த்து, "நெஞ்சு மேல மூட்டைய வச்சாப்ல இருக்கு" என்று அவர் சொன்ன பிறகுதான் 108-க்குப் போன் செய்தோம். தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தபோது முதல் வலி வந்து ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகியிருந்தது.

இதயத் தசைக்குப் போகும் இரத்தக்குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால் அரை மணி நேரத்துக்குள்ளாகவே தசை சாகத் தொடங்கிவிடுகிறது. அடுத்தடுத்த மணி நேரங்களில் அந்தச் சேதம் உள்ளிருந்து வெளியே பரவுகிறது. 14 மணி நேரம் என்பது எவ்வளவு தாமதம் என்று அன்று எனக்குத் தெரியாது. ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தார். "பம்பிங்", அதாவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு, 35 சதவீதம் என்றார்கள். நல்ல இதயத்துக்கு அது 55-க்கு மேல் இருக்க வேண்டும். அங்கே இருந்த இளம் மருத்துவர் இதயத்தை ஒலியலையால் எடுத்த எக்கோ படத்தைப் பார்த்துவிட்டு, இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது, இது ஒரு நாளில் வந்ததாக இருக்க முடியாது, பல வருடமாக இரத்த அழுத்தம் இருந்திருக்க வேண்டும் என்றார். "பிபி எப்பவாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். 27 வருடத்தில் ஒரு முறைகூட அவர் கையில் அந்தப் பட்டையை யாரும் கட்டியதில்லை. யார் கட்டச் சொல்லியிருப்பார்கள்? உழைக்கிற உடம்பாயிற்றே.

அந்த மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒன்பது நாட்களில் தொடங்கி, இந்தக் கேள்வியை நான் விடவில்லை: தினம் முக்கால் மணி நேரம் ஆற்றங்கரையில் நடக்கிற எனக்கு நல்லது என்று சொல்லப்படுகிற உடலுழைப்பு, தினம் பத்து மணி நேரம் உழைத்தவருக்கு ஏன் ஒத்தாசை செய்யவில்லை? கணக்கு எழுதுகிறவனுக்கு உரிய பிடிவாதத்தோடு கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர்கள் ஏற்கெனவே நிறைய பேர் இருக்கிறார்கள் என்பதும், அவர்களுக்குள் இன்னும் முழு உடன்பாடு ஏற்படவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

உழைப்பு இதயத்துக்கு நல்லது என்ற அறிவியல் நம்பிக்கையின் பிறப்பிடமே உழைக்கும் இடங்கள்தான். 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரைவிட, நாளுக்கு நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கும் நடத்துநருக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. கடிதம் கொண்டுபோகும் தபால்காரருக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கும் இடையிலும் அதே வேறுபாடு. பிறகு 1970-களில் ரால்ஃப் பாஃபென்பார்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், கடினமான வேலை செய்தவர்களுக்கு இதய மரணம் குறைவு என்று கண்டார். துறைமுகச் சுமைத் தொழிலாளி என்றால் எங்கள் சித்தப்பாவின் சாதிதானே? ஆக, ஊர் சொன்னதற்கு ஒரு காலத்தில் ஆதாரமும் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்கு நேர் எதிரான கணக்கு டென்மார்க்கிலிருந்து வந்தது. ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் கோபன்ஹேகன் மக்களில் 1,04,046 பேரை ஏறக்குறைய பத்தாண்டு காலம் பின்தொடர்ந்து, 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலைக்கு வெளியே, தங்கள் சொந்த நேரத்தில், மிக அதிகமாக உடலை அசைத்தவர்களுக்கு மரண அபாயம் 40 சதவீதம் குறைந்திருந்தது. வேலையில் மிகக் கடுமையாக உடலை வருத்தியவர்களுக்கோ அது 27 சதவீதம் கூடியிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதயநோய் நிகழ்வுகள் 35 சதவீதம் கூடியிருந்தன. புகை, மது, உடல் எடை, படிப்பு, வருமானம் போன்றவற்றுக்கெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் நின்ற எண்கள் இவை. இதற்கு முன்பே, 2018-இல், பதினேழு ஆய்வுகளின் 1,93,696 பேரைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வும் கடின உடலுழைப்பு வேலையில் இருக்கும் ஆண்களுக்கு முன்கூட்டிய மரண அபாயம் 18 சதவீதம் அதிகம் என்று சொல்லியிருந்தது. ஒரே உடல், ஒரே வியர்வை. வேலையில் சிந்தினால் ஒரு பலன், விருப்பத்தில் சிந்தினால் வேறு பலன் என்கிற இந்த விநோதத்துக்கு ஆய்வாளர்கள் உடலுழைப்பின் முரண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஹோல்டர்மன் குழு இதற்கு அடுக்கும் காரணங்களைப் படித்தபோது, அவர்கள் எங்கள் களத்துக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றியது. நான் காலையில் நடக்கும்போது நாடித்துடிப்பு ஏறுகிறது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்ததும் இறங்குகிறது. மீதி 23 மணி நேரம் இதயம் முன்பைவிட நிதானமாகத் துடிக்கப் பழகிக்கொள்கிறது. பயிற்சி என்பது அந்த ஏற்றத்தில் பாதியும் பிறகு வரும் ஓய்வில் பாதியுமாக இருக்கிறது. சுமைக்காரருக்கோ ஏற்றம் மட்டும் உண்டு. நாடி காலை எட்டு மணிக்கு ஏறினால் சாயங்காலம் வரைக்கும் இறங்குவதில்லை. இரவிலும் லாரி வந்தால் தூக்கத்திலும் இறங்குவதில்லை. இதயத் தசை தனக்குரிய இரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே, தான் தளர்ந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் வாங்கிக்கொள்கிறது. துடிப்பு வேகமாக ஆக, முதலில் சுருங்குவது அந்த இடைவெளி. நாள் முழுதும் ஊருக்கெல்லாம் பந்தி பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து அவசரமாக இரண்டு கவளம் போட்டுக்கொள்ளும் வீட்டுப் பெண்ணைப் போன்ற நிலைமை அதற்கு.

அடுத்தது அந்த "ம்ம்". மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இறுகிய தசைகள் இரத்தக்குழாய்களை நசுக்க, இரத்த அழுத்தம் ஒரு சில விநாடிகளுக்கு எங்கோ போய்விடுகிறது. 1985-இல் கனடாவில் ஐந்து பாடி பில்டர்களின் கைத் தமனிக்குள்ளேயே குழாய் செலுத்தி அளந்து பார்த்தார்கள். அவர்கள் இரண்டு கால்களாலும் பெரிய எடையைத் தள்ளியபோது அழுத்தம் சராசரியாக 320-க்கு 250 என்று ஏறியது. நமக்கெல்லாம் 140-க்கு 90 என்றாலே மருத்துவர் புருவத்தை உயர்த்துகிறார். ஜிம்முக்குப் போகிறவர் பன்னிரண்டு முறை தூக்கிவிட்டு, தண்ணீர் குடித்து, கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு அடுத்த சுற்றுக்கு வருகிறார். சித்தப்பாவுக்கு அந்த எடை அத்தனை பெரிதாக இருந்திருக்காது, ஆனாலும் அவர் 200 முறை, கண்ணாடி இல்லாமல் செய்தார். ஒவ்வொரு முறையும் அந்த உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தைத் தள்ள வேண்டியிருந்த இடது கீழறை, கையில் காய்ப்பு ஏறுவது போலத் தடித்துப்போயிருந்ததில் இப்போது எனக்கு வியப்பில்லை. அந்த இளம் மருத்துவர் எக்கோவில் பார்த்த தடிப்புக்கு மூட்டை எவ்வளவு காரணம், கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்த நோய் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டும் ஒரே முதுகில் ஏறியிருந்தன.

எட்டு மணி நேர வேலையில் ஒருவருடைய உச்சத் திறனில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்பது வேலை உடலியங்கியலில் நெடுநாளாகச் சொல்லப்படும் அளவு. சுமை ஏற்றும் வேலை அந்த வரம்பை எளிதாகத் தாண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் கூலி மூட்டைக் கணக்கு. மூட்டைக்கு இவ்வளவு என்று பேசி, ஒரு கோஷ்டியாகச் சேர்ந்து பங்கு பிரிக்கும்போது, ஒருவர் உட்கார்ந்தால் அவருடைய பங்கை மற்றவர்கள் சுமக்க வேண்டும். லாரி ஓட்டுநருக்கு இரவே கிடங்குக்குப் போய் வரிசை பிடிக்க வேண்டும். மழை கருத்துவிட்டால் அட்டியில் இருக்கிற நெல் நனைந்து ஈரப்பதம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டிவிடும் என்ற பதற்றம் விவசாயிக்கு. இத்தனை பேருடைய அவசரமும் கடைசியில் வந்து உட்காரும் இடம் சுமைக்காரருடைய நாடித்துடிப்பு. எனக்கு மூச்சு வாங்கினால் நான் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துகொள்வேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை. என் நடைக்கும் அவருடைய சுமைக்கும் நடுவில் இருக்கிற உண்மையான வேறுபாடு இதுதான் என்று நான் நம்புகிறேன். ஆய்வாளர்கள் இதைத் தொழிலாளிக்குத் தன் வேலை மீது இருக்கும் கட்டுப்பாடு என்று மரியாதையான சொற்களில் எழுதுகிறார்கள்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கோடை நெல் அறுவடை நடக்கும் நாட்களில், காற்றில் ஈரம் நிறைந்த எங்கள் பக்கத்து வெயிலில் வியர்வை வழியுமே தவிர உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. தோலுக்கு இரத்தத்தை அனுப்பவும் வேண்டும், தசைக்கு அனுப்பவும் வேண்டும், வியர்வையால் இரத்தத்தின் நீரளவும் குறைகிறது. இதயத்துக்கு வேகமாக அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனாலும் சுமைக்காரர்கள் தண்ணீர் அதிகம் குடிக்க மாட்டார்கள். "வயிறு நெறஞ்சா மூட்டை ஏறாது" என்பது களத்துப் பாடம். மணிக்கொரு டீ, அதற்கு ஒரு பீடி, பசிக்கு ஒரு வடை. காலை நீராகாரமும் பழைய சோறும் சாப்பிட்டுவிட்டு வந்த தலைமுறை போய், எட்டு மணிக்கே புரோட்டாவில் தொடங்குகிற தலைமுறை வந்துவிட்டது. உடம்பு வலி தீர இரவில் குடிப்பதும் உண்டு; சித்தப்பாவும் குடித்தார். பீடியையும் குடியையும் மறைத்துவிட்டு மூட்டையின் மேல் மட்டும் பழி போட்டால் அது பொய்க் கணக்காகிவிடும். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட முன்கூட்டியே, சராசரியாக 53 வயதில், வருகிறது; மற்றவர்களுக்கு அது 58.8 என்று 2007-இல் வெளியான பல நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. அதில் புகையிலைக்குப் பெரிய பங்கு இருந்தது.

எதிர்த்தரப்பின் சாட்சியையும் கேட்க வேண்டும். நார்வேயில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த, 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், உடலுழைப்பு மிகுந்த வேலை செய்த ஆண்கள் உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிடச் சற்று அதிக காலமே வாழ்ந்தார்கள். இந்தியாவும் சேர்ந்த 17 நாடுகளில் 1,30,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்து 2017-இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வு, பொழுதுபோக்காகச் செய்தாலும் பிழைப்புக்காகச் செய்தாலும் உடலசைவு இதயத்துக்கு நன்மையே என்று கண்டது. இவற்றைப் படித்தபோது எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்ததில், இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியும் என்று தோன்றியது. பிழைப்புக்காக உடலை அசைப்பதில் சைக்கிள் மிதித்து வயலுக்குப் போவதும், ஆடு மாடு மேய்ப்பதும், நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டுவதும், அண்டை வெட்டுவதும் அடக்கம். என் தாத்தா இவற்றையெல்லாம் செய்து 86 வயது வரை இருந்தார். அவர் வெயில் ஏறினால் கரையேறி, வேப்பமர நிழலில் படுத்து, மூன்று மணிக்கு மறுபடி இறங்குவார். மூட்டைக் கூலி வேறு சாதி. மேல்நாட்டு ஆய்வுகள் இரண்டையும் "கடின வேலை" என்ற ஒரே கட்டத்தில் எழுதும்போதுதான் முடிவுகள் மோதிக்கொள்கின்றன என்பது என் கணிப்பு.

அதோடு, நம் கண்ணே நம்மை ஏமாற்றுகிறது. உழைக்கிற உடம்புக்கு ஒன்றும் வராது என்பதற்கு எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே ஆளைக் காட்டுவார்கள்: 63 வயதிலும் மூட்டை தூக்குகிற, மாரில் எலும்பு எண்ணக்கூடிய, பல் ஒன்றும் விழாத ஒரு பெரியவர். அவரைக் களத்தில் பார்க்கலாம். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்களைக் களத்தில் பார்க்க முடியாது, ஏனென்றால் முடியாமல் போனவர்கள் முதலில் காலியாக்குவது களத்தைத்தான். நான் ஒரு முறை சித்தப்பாவிடம் உட்கார்ந்து, அவர் 24 வயதில் சேர்ந்தபோது இருந்த கோஷ்டியின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். பதினான்கு பெயர்கள் வந்தன. இன்று சுமை தூக்குகிறவர் அந்தப் பெரியவர் ஒருவர் மட்டுமே. ஐந்து பேர் இல்லை. அவர்களில் மூன்று பேர் "படுத்தாப்ல போயிட்டான்" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துபோனார்கள். இது ஆய்வில்லை, ஒரு ஊரின் பதினான்கு பெயர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் களத்தில் நிற்கிறவரை மட்டும் எண்ணுவது அதைவிட மோசமான ஆய்வு.

பெண்களைப் பற்றி இதில் யாரும் கணக்கெடுப்பதே இல்லை. நடவுக்குக் குனிந்தால் மதியம் வரை நிமிராத என் சித்தியைப் போன்றவர்களுக்கு மாரடைப்பு வந்தால், நெஞ்சு வலிக்குப் பதிலாக வெறும் அசதியாக, முதுகுவலியாக, குமட்டலாக வருவது உண்டு. "அலுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுருண்டு படுத்துக்கொள்கிற ஒரு பெண்ணை, நடவு நாளில், யார் இசிஜி எடுக்க அழைத்துப் போவார்கள்?

எடையைக் குறைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குறைத்திருக்கிறார்கள். 2018 முதல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 ஆனது. நெல் மூட்டை 40-தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967-ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆக, எங்கள் களம் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. ஒரு மூட்டை எவ்வளவு கனக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. இருநூறாவது மூட்டை எவ்வளவு கனக்கிறது என்று கேட்பதற்குத்தான் விதி இல்லை. நான் வேலை செய்யும் ஆலையில் எலிவேட்டர் போட்ட பிறகு நெல்லை மேலே ஏற்றும் வேலை மறைந்தது; நான்கு பேருக்கு வேலையும் மறைந்தது. அவர்களில் இருவர் இப்போது சிமெண்டு லோடு இறக்குகிறார்கள். அது 50 கிலோ.

சித்தப்பாவுக்கு வருவோம். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு ஐந்து வகை மாத்திரை, உப்பு குறைந்த சாப்பாடு, பீடி கிடையாது, பாரம் தூக்கக் கூடாது. அதோடு, தினம் அரை மணி நேரம் தட்டையான தரையில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். 27 வருடம் சுமந்தவரிடம், உடம்பு தேறுவதற்கு நடக்கச் சொன்னது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. முதல் மாதம் போகவே இல்லை. பிறகு ஒரு நாள் நானே ஒரு ஜோடி ஷூ வாங்கிப் போய்க் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய பேச்சு இருவருக்கும் நினைவு வந்துவிட்டது. யாரும் அதைச் சொல்லவில்லை. இப்போது சாயங்காலத்தில் ஆற்றுப் படுகையில் மதகு வரைக்கும் போய் வருகிறார். மூச்சு வாங்கினால் நிற்கிறார். நிற்பதற்கு அவருக்கு ஒரு வருடம் பழக வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் நின்றவுடன், பின்னால் யாரோ காத்திருப்பது போலத் திரும்பிப் பார்ப்பார்.

2019-இல் இல்லாத சில வசதிகள் இன்று இருக்கின்றன. 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தவுடன் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மூன்றையும் முதல் வேளையாக அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். சோடா கடைக்கும் கிளினிக்குக்கும் போன அந்த மதியம் அவர் இப்படி ஓர் இடத்துக்குப் போயிருந்தால் என்று நான் எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் அக்கா பொறுப்பானவர். ஆனால் அவர் வீடு வீடாக வருவது காலையில். அந்த நேரத்தில் சுமைக்காரர்கள் வீட்டில் இருப்பதில்லை. அவருடைய நோட்டில் பெண்களும் வயதானவர்களும்தான் நிறைந்திருந்தார்கள்.

போன தையில் நான் அந்த அக்காவிடம் ஒரு உதவி கேட்டேன். பத்தரை மணி டீக்கு எல்லோரும் உட்காரும் நேரத்தில் களத்துக்கு வர முடியுமா என்று. வந்தார். சாக்குக் கட்டின் மேல் துண்டை விரித்து பிபி மிஷினை வைத்தார். முதலில் ஒருவரும் கையைக் கொடுக்கவில்லை. 63 வயதுப் பெரியவர்தான் முதலில் உட்கார்ந்தார். அவருக்கு 130-க்கு 80. "பாத்தியா" என்று சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு வரிசை வந்தது. பதினோரு பேரில் நான்கு பேருக்கு 150-க்கு மேல் இருந்தது. அக்கா அவர்களைப் பத்து நிமிடம் உட்கார வைத்து, பேசாமல் இருக்கச் சொல்லி, மறுபடி பார்த்து எழுதிக்கொண்டார். கடைசியாக வந்தவன், கோஷ்டியில் இளையவன், 28 வயது. கல்யாணம் ஆகி ஆறு மாதம். பனியனைச் சுருட்டி விட்டுக்கொண்டு, புஜத்தை முறுக்கிக் காட்டியபடியே உட்கார்ந்தான். மிஷின் 164-க்கு 102 என்று காட்டியது.

"மிஷின் சரியில்லக்கா" என்றான்.

அக்கா பதில் சொல்லாமல் பட்டையைப் பிரித்து, அவனுடைய இன்னொரு கையை எடுத்துத் தன் மடியருகே வைத்து, மறுபடி கட்டத் தொடங்கினார். களத்து வாசலில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. மற்றவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அவனும் எழப் பார்த்தான். காற்று ஏறிக்கொண்டிருந்த பட்டை கையைப் பிடித்திருந்தது.